கோவையில் இருந்து ஒரு ராப் கூட்டணி: ‘ஹிப்ஹாப் தமிழா’ சினிமாவுக்கு முன்னும் பின்னும்

தமிழ்ல ‘ஒரு பாட்டு போடு’ன்னு சொன்னா, ‘எந்தப் படம்?’ என்பதுதான் அடுத்த கேள்வி. பாட்டுக்கு ஒரு படம், ஒரு ஹீரோ, ஒரு சிச்சுவேஷன் இருக்கணும் என்பது நம் காதுக்குப் பழகிப்போன ஒன்று. இதையெல்லாம் தாண்டி, படமே இல்லாமல் ஒரு பாட்டு ஊர் ஊராகச் சுற்ற முடியும் என்று இந்தத் தலைமுறைக்குக் காட்டிய பெயர்களில் முக்கியமானது ‘ஹிப்ஹாப் தமிழா’. அதன் குரலாக இருப்பவர் கோவையில் பிறந்த ஆதி. அவருடன் இணைந்து இசையமைப்பவர் ஜீவா.

இன்னைக்கு ஆதின்னா பலருக்கும் ஹீரோ. பாட்டு, நடிப்பு, டைரக்‌ஷன் எல்லாம் செய்பவர். ஆனால் அதற்கு முன்னால் சில வருடங்கள், கையில் ஒரு படம்கூட இல்லாமல், பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கூட்டணி நின்றது. அந்த வருடங்களில் என்ன நடந்தது, சினிமா வந்தபிறகு எது மாறியது என்பதைப் பார்க்கலாம்.

‘சுயாதீன இசை’ன்னா என்ன?

இங்கிலீஷ்ல ‘இண்டி’ என்பார்கள். இண்டிபெண்டென்ட் என்பதன் சுருக்கம். மேற்கத்திய நாடுகளில் இது பெரிய ரெக்கார்டு கம்பெனிகளைச் சாராமல் வரும் இசையைக் குறித்தது. இண்டி ராக், இண்டி பாப் எல்லாம் அங்கிருந்து வந்த பெயர்கள்.

நம் ஊரில் அர்த்தம் கொஞ்சம் வேறு. இங்கே இசைக்குப் பெரிய முதலாளி ரெக்கார்டு கம்பெனி இல்லை, சினிமா. அதனால் சினிமாவுக்காக எழுதப்படாத பாட்டு எல்லாமே நமக்கு ‘சுயாதீன இசை’ ஆகிவிட்டது. கையில் கிடார் இருக்கோ, பறை இருக்கோ, வெறும் லேப்டாப் இருக்கோ, அது முக்கியமில்லை.

அந்த வகையில் ஹிப்ஹாப் தமிழாவும், சென்னையின் ‘குரங்கன்’ போன்ற ராக் பேண்டும், 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’வும் ஒரே வரிசையில் வருகிறார்கள். இசை வேறு, அரசியல் ரொம்பவே வேறு. ஆனால் ‘படம் வேண்டாம், பாட்டே போதும்’ என்ற தொடக்கம் ஒன்றுதான்.

ஹிப்ஹாப் தமிழுக்கு வந்த வழி

ஹிப்ஹாப் பிறந்தது அமெரிக்காவில், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில். 1973 ஆகஸ்ட் 11 அன்று டிஜே கூல் ஹெர்க் நடத்திய ஒரு பார்ட்டியைத்தான் அதன் பிறந்தநாளாகச் சொல்கிறார்கள். பாட்டின் நடுவே தாளம் மட்டும் தனியாக வரும் இடத்தை நீட்டி நீட்டிப் போட்டு, அதன் மேல் பேச்சைக் கோர்ப்பது. அதுதான் அடிப்படை.

தமிழ்நாட்டுக் காதுக்கு ராப் என்ற சொல்லை அறிமுகப்படுத்தியது சினிமாதான். 1994-ல் வந்த ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ நினைவிருக்கும். ஆனால் தமிழில் ராப்பை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தவர்கள் மலேசியத் தமிழர்கள். யோகி பி குழுவின் ‘வல்லவன்’ ஆல்பம் 2006-ல் வந்தது. இளையராஜாவின் பழைய பாட்டை எடுத்து அவர்கள் செய்த ‘மடை திறந்து’ இங்கேயும் பட்டிதொட்டியெல்லாம் ஓடியது. இலங்கையில் கிரிஷான் மகேசன் போன்றவர்கள் அதே காலத்தில் தமிழில் ராப் செய்துகொண்டிருந்தார்கள்.

ஆக, தமிழ் ராப்பை ஆதி கண்டுபிடித்தார் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம். அவர் செய்தது வேற வேலை. கடல் தாண்டி நடந்துகொண்டிருந்ததை, கோயம்புத்தூர் காலேஜ் பையன் வாயில் வரும் பேச்சுக்குக் கொண்டுவந்தார்.

ஒரு சர்ச்சைப் பாட்டும் ஒரு ஆல்பமும்

2011-ல் ‘கிளப்புல மப்புல’ வெளியே வந்தது. ஸ்டுடியோ மைக் முன்னால் ஒரு பையன் நின்று மூச்சுவிடாமல் பாடும் வீடியோ யூடியூபில் பரவியது. யூடியூப் பார்க்க டேட்டா இல்லாதவர்களுக்கு புளூடூத். அதுவும் இல்லாதவர்களுக்கு மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் மொபைல் கடை. நான் அப்போ ஸ்கூல் பையன். எங்கள் பஸ்ஸில் அந்தப் பாட்டின் முழு வரிகளும் தெரிந்தவனுக்கு ஜன்னல் சீட் நிச்சயம்.

பாட்டு எதைப் பற்றி? கிளப்புக்குப் போகும், குடிக்கும், மாடர்ன் டிரஸ் போடும் பெண்களைத் திட்டி, தமிழ்க் கலாசாரம் கெட்டுப்போச்சு என்று புலம்பும் பாட்டு. ஹிட் ஆன வேகத்திலேயே எதிர்ப்பும் வந்தது. கலாசாரத்தைக் காப்பாற்றும் வேலையைப் பெண்ணின் தலையில் மட்டும் ஏன் வைக்கிறீர்கள் என்பது அந்த விமர்சனத்தின் சாரம். ஆண் குடித்தால் அது சோகப் பாட்டு, பெண் குடித்தால் அது சமுதாயச் சீரழிவா?

ரசிகனாகவே சொல்கிறேன், அந்த விமர்சனம் சரி. பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் அதற்கு நல்ல பதில் ஒன்றும் நான் கேட்டதில்லை. அந்தப் பாட்டின் தாளம் இன்னைக்கும் காலை ஆட்டவைக்கும், வரிகள் நெளியவைக்கும். அன்னைக்கு பஸ்ஸில் எங்களோடு பெண்களும்தான் இருந்தார்கள். அவர்கள் அந்தப் பாட்டை எப்படிக் கேட்டார்கள் என்று எங்களில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த வருடம், 2012-ல், ‘ஹிப்ஹாப் தமிழன்’ ஆல்பம். இந்தியாவில் இருந்து வந்த முதல் தமிழ் ஹிப்ஹாப் ஆல்பம் என்று பரவலாகச் சொல்லப்படுவது இதுதான். அதில் வெறும் திட்டு மட்டும் இல்லை. தமிழின் பழமை, படிப்பு, கடவுள், காதல் தோல்வி என்று ஒரு இளைஞனின் டைரி மாதிரி விரிந்தது. ‘இறைவா’ என்ற பாட்டைக் கேட்டவர்களுக்கு இது புரியும். குழுவின் அடையாளமாக பாரதியாரின் முண்டாசும் மீசையும் வந்தது. ராப் பாடுகிறவனுக்கு மகாகவி எதுக்கு என்று கேட்டவர்களும் உண்டு, அதற்காகவே பிடித்துப்போனவர்களும் உண்டு.

எதுகை, மோனை, ராப்

இங்கே கொஞ்சம் தமிழ் வகுப்பு. பி.ஏ. தமிழ் படித்ததற்கு வேறு எங்கே பயன்படுத்த?

ராப்பின் உயிர் ரைம். இங்கிலீஷ் ரைம் பெரும்பாலும் வரியின் கடைசியில் வரும். நம் யாப்பில் அதற்கு இயைபு என்று பெயர். ஆனால் தமிழ்ச் செய்யுளுக்கு அது அவ்வளவு முக்கியமில்லை. நமக்கு முக்கியம் மோனையும் எதுகையும். முதல் எழுத்து ஒன்றிவந்தால் மோனை. இரண்டாம் எழுத்து ஒன்றிவந்தால் எதுகை. பட்டம், கட்டம், சட்டம், இவை எதுகை. அதாவது நம் ஆட்கள் வரியின் வாலைவிடத் தலையைப் பார்த்தே கட்டினார்கள்.

ஏன் அப்படி? தமிழில் வாக்கியம் பெரும்பாலும் வினைச்சொல்லில் முடியும். போறான், வர்றான், தர்றான் என்று கடைசியில் எல்லாமே தானாக ஒத்துப்போகும். அதில் சாமர்த்தியம் என்ன இருக்கு? சுமாரான தமிழ் ராப் பாட்டு உங்களுக்குச் சலிப்பாக இருந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். கடைசி ரைமை மட்டுமே நம்பியிருப்பார்கள்.

ஆதியின் நல்ல பாட்டுகளில் எதுகை வரியின் உள்ளே உள்ளே விழும். மூச்சு விடும் இடத்தை எதுகைதான் முடிவு செய்யும். ஹிப்ஹாப்பின் நாலு தட்டு எண்ணிக்கையும் நமக்கு அந்நியம் இல்லை. நாலு நாலாக எண்ணும் சதுஸ்ர நடைதான் அது. ஆதி தாளம் என்று சொன்னால் பெயரை வைத்து ஜோக் அடிக்கிறேன் என்பீர்கள், ஆனால் நிஜமாகவே எட்டு எண்ணிக்கையில் அழகாகப் பொருந்தும்.

கொங்குக்கு இதில் இன்னொரு பழக்கமும் இருக்கு. அண்ணமார் கதையை உடுக்கையடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடும் மரபு நம் பக்கத்து ஊர்களில் உண்டு. பொன்னர் சங்கர் கதை என்றால் எல்லாருக்கும் தெரியும். அதில் பாட்டு இருக்கும், நடுநடுவே வேகமான பேச்சு இருக்கும், உடுக்கை விடாமல் கூடவே ஓடும். தாளத்தின் மேல் ஏறிக் கதை சொல்வது பிராங்க்ஸில் இருந்து நமக்கு புதுசாக இறக்குமதியானது ஒன்றும் இல்லை. ஆதி உடுக்கைப் பாட்டைக் கேட்டுக் கற்றுக்கொண்டார் என்று நான் சொல்லவரவில்லை. கேட்கிறவர்களின் காது தயாராக இருந்தது என்பதுதான் விஷயம்.

கோவையும் சினிமாவும்: ஒரு பழைய கதை

கோயம்புத்தூர் பையன் சென்னைக்குப் போய்த்தான் ஜெயிக்கணும் என்பது இப்போது இயல்பாகத் தோன்றுகிறது. ஒருகாலத்தில் நிலைமை தலைகீழ்.

ஊர் ஊராகப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டியது கோவையில். பிறகு இங்கே சென்ட்ரல் ஸ்டுடியோ வந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ (1947) அங்கேதான் உருவானது. ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோவில் இருந்து 1954-ல் ‘மலைக்கள்ளன்’ வந்தது. எம்.எஸ்.விஸ்வநாதன் இசைக்குழுவில் உதவியாளாகத் தொழில் பழகியதும் இந்த ஊரில்தான். ஜூபிடர் நிறுவனம் சென்னைக்கு இடம் மாறியபோது அவரும் அங்கே போனார்.

ஸ்டுடியோக்கள் ஓய்ந்தபின் ஊரில் மில்லும் மோட்டார் பம்ப்பும் மிஞ்சின. கொங்குத் தமிழ் சினிமாவுக்குள் இருந்தது, ஆனால் பெரும்பாலும் காமெடியாக. கவுண்டமணி, கோவை சரளா, மணிவண்ணன், சத்யராஜ் பேசும்போது ‘ஏனுங்க’வுக்கே கைத்தட்டல் விழும். பாட்டில் அந்தப் பேச்சுக்கு இடம் குறைவு.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், ஒரு நெட் கனெக்‌ஷன் இருந்தால் ரெக்கார்டிங்குக்கு வடபழனி போகவேண்டியதில்லை என்ற நிலை 2010 வாக்கில் வந்தது. கொங்கு முழுக்க இன்ஜினியரிங் காலேஜ்கள் முளைத்திருந்த நேரமும் அதுதான். எந்தத் தியேட்டரையும் நம்பாமல், ஹெட்போனும் கல்ச்சுரல்ஸ் மேடையும் போதும் என்று ஒரு பெரிய ரசிகர் கூட்டம் காத்திருந்தது. ஹிப்ஹாப் தமிழாவுக்குக் கிடைத்த நேரம் அப்படி.

பிறகு சினிமா கூப்பிட்டது

முதலில் பாடகராக. 2013-ல் ‘எதிர்நீச்சல்’ டைட்டில் பாட்டில் அனிருத், ஹனி சிங்குடன் சேர்ந்து குரல். அதே வருடம் ‘வணக்கம் சென்னை’. 2015 பொங்கலுக்கு வந்த, சுந்தர்.சி இயக்கி விஷால் நடித்த ‘ஆம்பள’ படத்தில் இசையமைப்பாளர்கள் ஆனார்கள். அதே வருடத்தில் ‘இன்று நேற்று நாளை’, ‘தனி ஒருவன்’. ‘தனி ஒருவன்’ பின்னணி இசைதான் இவர்களைச் சும்மா பாட்டுப் போடுகிறவர்கள் என்று நினைத்தவர்கள் வாயை அடைத்தது. அதன் தெலுங்கு ரீமேக்கான ‘துருவா’வுக்கும் (2016) இவர்களையே கூப்பிட்டார்கள்.

கேமரா முன் வருவது ஆதி, அதிகம் வராமல் இருப்பது ஜீவா. ‘ஆதியோட பாட்டு’ என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும் பாதிக் கணக்கை விட்டுவிடுகிறோம்.

டக்கரு டக்கரு, 2017 ஜனவரி

சினிமாவுக்குள் போனபிறகும் தனிப் பாட்டை விடவில்லை. 2016-ல் ‘டக்கரு டக்கரு’ வந்தது. ஜல்லிக்கட்டுக்கு உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் போட்ட தடை அமலில் இருந்த சமயம். நாட்டு மாடு ஏன் முக்கியம், ஏறு தழுவுதல் என்ன மரபு என்று அந்த வீடியோ சொன்னது. அதே 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை தலைகுப்புற விழ, இதுமாதிரி வீடியோக்கள் கிராமம் வரைக்கும் போனது.

இங்கே ஒரு சின்ன விஷயம். கொங்கில் மாட்டை வைத்து நடக்கும் பழைய விளையாட்டு ரேக்ளா பந்தயம். ஜல்லிக்கட்டு மதுரைப் பக்கத்துச் சமாச்சாரம். ஆனால் காங்கேயம் காளை நம் ஊருடையது. போராட்ட போஸ்டர்களில் அதிகம் பார்த்த திமிலும் கொம்பும் அந்த இனத்தை நினைவுபடுத்தியது. அதனால்தான் கோவை வ.உ.சி. மைதானத்தில் அவ்வளவு கூட்டம்.

2017 ஜனவரியில் மெரினா நிரம்பியது. பாட்டு போராட்டத்தின் பாட்டாக மாறியது, ஆதி போராட்டத்தின் முகங்களில் ஒன்றாக. ஜனவரி 21-ல் அவசரச் சட்டம் வந்தது. நிரந்தரத் தீர்வு வேண்டும் என்று பலர் கலையாமல் இருந்தார்கள். அந்த நேரத்தில் ஆதி ஒரு வீடியோவில், வேறு நோக்கம் உள்ளவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள், தான் விலகிக்கொள்கிறேன் என்றார். ஜனவரி 23 காலை மெரினாவில் போலீஸ் கூட்டத்தைக் கலைத்தது, வன்முறை வெடித்தது.

அந்த வீடியோ அவருடைய ரசிகர்களை இரண்டாக உடைத்தது. மாணவர்கள் பத்திரமாக வீட்டுக்குப் போகணும் என்ற அக்கறை என்று ஒரு தரப்பு. பாட்டால் கூட்டத்தைக் கூட்டிவிட்டு நடுவில் இறங்கிப்போனார் என்று இன்னொரு தரப்பு. என் பார்வையில் பிரச்சினை அவர் விலகியதில் இல்லை, எல்லாரும் விலகணும் என்பதுபோல் பேசியதில். யாரும் தலைவர் இல்லை என்பதே அந்தப் போராட்டத்தின் பலம். அங்கே பாடகனின் குரலுக்குத் தலைவனின் எடை வந்துவிட்டது. சினிமா செய்கிற வேலையை அன்னைக்கு ஒரு தனிப் பாட்டும் செய்தது.

மீசைய முறுக்கு

2017 ஜூலையில் ஆதியே இயக்கி நடித்த ‘மீசைய முறுக்கு’ வந்தது. தயாரிப்பு சுந்தர்.சி. ஆதியின் சொந்தக் கதையை அடிப்படையாகக் கொண்டது. தமிழ் மேல் பிரியம் கொண்ட அப்பாவாக விவேக். தோற்றாலும் ஜெயித்தாலும் மீசையை முறுக்கு என்று மகனை வளர்க்கும் அப்பா.

கோவையில் இந்தப் படம் ஓடியதற்குக் காரணம் காதல் கதை இல்லை. இன்ஜினியரிங் முடித்த பையன், ‘எனக்கு மியூசிக்தான் வேணும்’ என்று நடுத்தர வீட்டு ஹாலில் நின்று சொல்லும் அந்தத் தருணம். ஒவ்வொரு வீட்டிலும் அந்த ஹால் இருக்கு. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் விவேக் மாதிரி அப்பா இல்லை. அதுதான் வலி.

அதன்பின் ‘நட்பே துணை’, ‘நான் சிரித்தால்’, ‘வீரன்’, ‘பி.டி. சார்’ என்று நடிகர் ஆதியின் பட்டியல் நீண்டது. நடுவில் சினிமாவுக்கு வெளியே இரண்டு வேலைகள் செய்தார்கள். தமிழ் எழுத்தின் வரலாற்றைத் தேடும் ‘தமிழி’ ஆவணத் தொடர் 2019-ல் தொடங்கியது. யூடியூபில் இலவசம். கல்வெட்டைக் காட்டி ‘இது எப்படிப் படிக்கிறது’ என்று சொல்லித்தரும் அந்தத் தொடரைத் தமிழ் படிக்கும் மாணவர்கள் தாராளமாகப் பார்க்கலாம். 2020 லாக்டவுன் வருடத்தில் ‘நான் ஒரு ஏலியன்’ என்ற தனி ஆல்பம். இதுபோக ஆதி கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் இசைத் தொழில்முனைவு பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டமும் வாங்கினார். தலைப்பைக் கவனியுங்கள். இசை எழுதுவதைவிட அதை வைத்துப் பிழைப்பதுதான் ஆராய்ச்சி செய்யவேண்டிய அளவுக்குக் கஷ்டம்.

அப்போ இண்டியா, இல்லையா?

சினிமாவுக்குப் போனபிறகு அவர்களை சுயாதீன இசைக்கலைஞர்கள் என்று சொல்லலாமா என்ற சண்டை கமென்ட்டுகளில் அடிக்கடி வரும். பணத்தை வைத்துப் பார்த்தால் விடை சுலபம்.

தனிப் பாட்டு எழுதுகிறவருக்கு வருமானம் நாலு இடத்தில் இருந்து வரலாம். யூடியூப் விளம்பரம், ஸ்ட்ரீமிங் ஆப், மேடைக் கச்சேரி, ராயல்டி. முதல் இரண்டும் லட்சக்கணக்கில் வியூஸ் போனால்தான் சோறு போடும். மேடை என்றால் கூப்பிட ஆள் வேண்டும். ராயல்டி விஷயத்தில் 2012-ல் காப்புரிமைச் சட்டத்தில் திருத்தம் வந்தது. பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டி பங்கை எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி அது பாதுகாத்தது. நல்ல சட்டம். ஆனால் பாட்டைப் பதிவு செய்து, கணக்குக் கேட்டு வாங்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அது காசு.

இந்த நாலையும் சேர்த்தாலும் ஒரு படத்தின் அட்வான்ஸ் அளவுக்கு வராது என்பதுதான் பலருடைய நிலைமை. அதனால் தனிப் பாட்டு விசிட்டிங் கார்டாகவும் சினிமா வேலையாகவும் மாறிப்போகிறது. ஹிப்ஹாப் தமிழா அந்த வழியில் போன முதல் ஆட்கள் இல்லை, ஆனால் இவ்வளவு தூரம் போனவர்கள் குறைவு. சினிமாவில் சம்பாதித்து, எழுத்து வரலாற்றுக்கு ஒரு தொடர் எடுத்து யூடியூபில் சும்மா விட முடிந்தது அந்தப் பணத்தால்தான். அதேசமயம், 2012-ல் இருந்த அந்த டைரித்தனம் ஹீரோவின் என்ட்ரி பாட்டில் கிடைக்காது என்பதையும் ரசிகர்கள் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஹீரோவுக்குத் தோற்க அனுமதி இல்லை. டைரி எழுதுகிறவன் பக்கத்துக்குப் பக்கம் தோற்பான்.

புதுசா கேட்கப்போறீங்களா?

‘இறைவா’வில் ஆரம்பிங்க. ராப் பிடிக்காதவர்களுக்கும் அது உள்ளே இறங்கும். அடுத்து ‘வாடி புள்ள வாடி’. இதுவும் படத்துக்காக இல்லாமல் தனிப் பாட்டாகவே வெளியாகி ஹிட் ஆனதுதான். பிறகு ‘தனி ஒருவன்’ பின்னணி இசையை ஹெட்போனில் கேளுங்க, அங்கேதான் ஜீவா பக்கத்துக் கணக்கும் சேரும். ‘டக்கரு டக்கரு’வைக் கேட்கும்போது கூடவே ஒரு தகவல்: தமிழ்நாட்டின் ஜல்லிக்கட்டுச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023 மே 18-ல் தீர்ப்பு சொல்லிவிட்டது.

‘கிளப்புல மப்புல’வைக் கடைசியில் வைங்க. கேட்டுட்டு, வீட்டில் இருக்கும் அக்காவிடமோ தங்கச்சியிடமோ அதைப் பற்றி என்ன நினைக்கிறாங்கன்னு கேளுங்க.